தூரத்திலிருந்து ஒரு வளைகாப்பு



பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைச் சுற்றி உறவினர் கூடியிருந்து வாழ்த்தும் சடங்குகளில் வளைகாப்பே இன்று பெரிதும் பேசப்படுகிறது. அந்த உறவினரெல்லாம் வேறொரு நாட்டில் இருந்தால் சடங்கை எப்படிச் செய்வது? கல்குடாவிலும் வாழைச்சேனையிலும் இப்போது அடிக்கடி என் காதில் விழுகிற கேள்வி இது. இதற்கு விடை காண வேண்டுமானால், அச்சடங்கு எதற்காக ஏற்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கருவுற்ற பெண்ணின் ஆசைகளைத் தமிழர் பழங்காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். தொல்காப்பிய உரியியல் 'வயா' என்ற சொல்லுக்கு வேட்கை மிகுதி என்று பொருள் சொல்கிறது. மசக்கையின் பழைய பெயர் அது. புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் சேர மன்னன் ஒருவனைப் புகழ்கிறார். அவனுடைய மண்ணைக் கருவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு உண்டால் உண்டு, பகைவரால் அதை உண்ண முடியாது என்பது அவர் சொல்லும் பெருமை. அரசனின் காவலைப் பாட வந்த புலவருக்கும் பிள்ளைத்தாய்ச்சியின் நினைவு வந்திருக்கிறது.

வடமொழிக் கிருகிய சூத்திரங்கள் சீமந்தத்தைப் பற்றிச் சொல்கின்றன. சீமந்தம் என்றால் தலைவகிடு. கணவன் முள்ளம்பன்றியின் முள்ளால் மனைவியின் வகிடைப் பிரித்துவிடுவது அதன் முக்கியமான செயல். ஆசுவலாயனர் அதை நான்காம் மாதத்துக்கு விதிக்கிறார். வீணை வாசிப்போரைக் கொண்டு பாடச் செய்ய வேண்டும் என்றும், எந்த ஆற்றின் அருகில் அவர்கள் வாழ்கிறார்களோ அந்த ஆற்றின் பெயரைப் பாட்டில் சொல்ல வேண்டும் என்றும் கூறுகிறார். இந்தச் சிறிய விதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு அது உதவும்.

தமிழ்நாட்டு வளைகாப்பு நாம் திரைப்படங்களில் கண்டு பழகியது. ஏழாம் மாதத்தில் அல்லது ஒன்பதாம் மாதத்தில் பெண்கள் கூடி, இரு கைகளிலும் கண்ணாடி வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, ஐந்து வகைச் சோறு சமைத்து உண்பார்கள். அதன் பிறகு தாய் தன் மகளைப் பேறுகாலத்துக்காகத் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்வாள். புகுந்த வீட்டிலிருந்து பிறந்த வீட்டுக்கு வழியனுப்பி வைக்கிற சடங்காகவும் அது இருக்கிறது.

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் நிலைமை வேறு. இங்கே குடி தாய்வழியாக வருகிறது. வீடு பெண்ணுக்குச் சீதனமாகிறது. கலியாணம் முடித்த ஆண்தான் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவில் அல்லது பக்கத்தில் இன்னொரு வீடு கட்டிக்கொண்டு போவதும் வழக்கம். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே நமது பெண் பேறுகாலத்துக்காகத் தாய் வீடு போக வேண்டியதில்லை. அவள் முன்பே தாயின் அருகில்தான் இருக்கிறாள். என் தாயாரின் காலத்தில் எங்கள் வீட்டில் வளைகாப்பு என்று தனியாக ஒரு நாள் வைத்ததில்லை. ஆசைப்பட்ட பண்டத்தைச் சுட்டுக் கொடுப்பதும், காலையும் மாலையும் வேலிக்கு மேலால் சுகம் விசாரிப்பதும், பிள்ளை பிறந்ததும் குரவை போடுவதுமாக எல்லாம் நடந்து முடிந்துவிடும்.

அருகில் இருப்பதையே வழக்கமாகக் கொண்ட சமூகத்துக்குத் தூரம் வந்தால் தாக்கம் பெரிது. 1983க்குப் பிறகும், மீண்டும் 1990க்குப் பிறகும், பிள்ளைகள் நாடு நாடாகச் சிதறிப் போனார்கள். வேலிக்கு அப்பால் இருந்த மகள் கடல்களுக்கு அப்பால் போனாள். தாய்க்கு விசா கிடைப்பதோ நிச்சயமில்லை. முன்பு தேவைப்படாத வளைகாப்பு இப்போது எங்களுக்குத் தேவைப்படுவதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். தாய் பக்கத்தில் இருந்தபோது சடங்கு வேண்டியிருக்கவில்லை. அவள் இல்லாத இடத்தை நிரப்பவே சடங்கு வந்திருக்கிறது.

என் தங்கையின் மகள் சூரிச் நகரில் இருக்கிறாள். அவளுக்கு ஏழாம் மாதம் வந்தபோது, தங்கைக்கு விசா கிடைக்காத நிலையில், கைத்தொலைபேசித் திரையின் வழியாக வளைகாப்பு வைத்தோம். முதற் சிக்கல் நல்ல நேரம். கோடை காலத்தில் அங்கே நமக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னால். எந்த ஊர் நேரத்தைப் பார்ப்பது? இராகு காலம் என்பது சூரிய உதயம் முதல் அத்தமனம் வரையான பகலை எட்டாக வகுத்துக் கணிப்பது. பகலின் அளவு ஊருக்கு ஊர் மாறும். எனவே பெண் இருக்கும் ஊரின் நேரமே பொருந்தும் என்று முடிவு செய்தோம்.

அடுத்தது வளையல். தபாலில் அனுப்பினால் உடையும் என்று அங்குள்ள தமிழ்க் கடையில் வாங்கச் சொன்னோம். அயலிலுள்ள நான்கு பெண்கள் வந்து கையில் போட்டார்கள். இங்கே தங்கை முற்றத்தில் நின்று குரவை போட்டாள். அப்போது எங்கள் பெரியம்மா திரைக்குக் கிட்டே வந்து, "நீ இருக்கிற ஊருல ஆறு ஒண்டு ஓடுதாமே, அதுட பேர் என்ன மகள்?" என்று கேட்டார். "லிம்மத்" என்றாள் அவள். பெரியம்மா அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, அந்த ஆறும் நமது வாவியும் பிள்ளையைக் காக்கட்டும் என்று வாழ்த்தினார். ஆசுவலாயனரைப் பெரியம்மா படித்தவரல்ல. பிள்ளை எங்கே பிறக்கிறதோ அந்த இடத்தையும் வாழ்த்த வேண்டும் என்பதை அவர் தானாகவே அறிந்திருந்தார்.

தூரத்தின் இன்னொரு வகையும் உண்டு. பெண் இங்கே கல்குடாவில், தாயின் பக்கத்தில் இருக்கிறாள். கணவன் கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்கிறான். குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்க்கிறார். கிளினிக்கில் நிறை பார்த்துத் திரிபோஷா கொடுக்கிறார்கள். எல்லாம் இருந்தும், பிள்ளை வயிற்றில் முதல் தரம் துடித்ததை அவள் சொல்ல வேண்டியவன் பக்கத்தில் இல்லை. இத்தகைய வீடுகளில் அவனுடைய ஓய்வு நாளைக் கேட்டு, அதற்கேற்ப வளைகாப்பு நாளை வைப்பதே நியாயம்.

வளையல் ஓசை கருவிலுள்ள பிள்ளைக்குக் கேட்கும் என்பார்கள். ஏழாம் மாதமளவில் கரு ஓசைக்கு அசைவு காட்டுகிறது என்பது மருத்துவம் கண்ட உண்மை. ஆனால் வெளியோசை மங்கலாகவே உள்ளே போகும். தாயின் சொந்தக் குரலோ அவள் உடம்பின் வழியாகவும் சேர்வதால் நன்றாகக் கேட்கும். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் ஒன்றுண்டு. தூரத்தில் இருக்கும் நாம் ஆளுக்காள் புத்திமதி சொல்லிக்கொண்டே இருந்தால், அவள் 'ஓம், ஓம்' என்று மட்டுமே சொல்வாள். அவளைப் பேச வைத்தால் அவளுடைய மனமும் ஆறும், பிள்ளையும் தாயின் குரலைக் கேட்கும்.

ஆதலால், வளைகாப்பு வைக்க நினைக்கும் குடும்பத்தாருக்குச் சில வார்த்தைகள். மண்டபத்துக்கும் படப்பிடிப்புக்கும் முன்னதாக, அந்த ஊரில் அவசரத்துக்குக் கதவைத் தட்டக்கூடிய இரண்டு பெண்களைத் தேடிக்கொடுங்கள். வைத்தியரிடம் கேட்காமல் மருந்துச் சரக்குகள் எதையும் பொதி கட்டி அனுப்பாதீர்கள். சடங்கு முடிந்த மறுநாளிலிருந்து வீடு வெறிச்சோடிவிடும். அதன் பிறகு பேறுகாலம் வரை இத்தனை மணிக்கு இன்னார் பேசுவார் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். பேசும்போது, "என்ன சாப்பிட ஆசையாக இருக்கிறது?" என்று கேளுங்கள். 'வயா' என்று தொல்காப்பியர் காலத்திலேயே பெயர் பெற்ற ஆசை அது. அதைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதை அவள் நாள்தோறும் அறிந்திருக்க வேண்டும்.