படத்துக்கு வெளியே நிற்பவர்: ரவிவர்மாவின் இரு ஓவியங்கள்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் பத்மநாபசுவாமி கோவில், கோவளம், அப்புறம் மியூசியம் என்று சுற்றிக் காட்டுவது திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். மியூசியம் வளாகத்தில் 1935-இல் திறக்கப்பட்ட ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தின் செல்வங்களில் ஒன்று, ராஜா ரவிவர்மா 1899-இல் தீட்டிய ‘ஹம்ஸ தமயந்தி’. ‘ஆகா, என்ன அழகு!’ என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்து விடுகிறோம். கொஞ்சம் நின்று பார்த்தால் அது பேசும்.

சிவப்புப் புடவையில் தமயந்தி. எதிரே வெள்ளை அன்னம். புகழேந்தியின் நளவெண்பா வழியாக நமக்கும், உண்ணாயி வாரியரின் நளசரிதம் கதகளி வழியாக மலையாளிகளுக்கும் நன்கு தெரிந்த கதைதான். பாலையும் நீரையும் பிரித்தறியும் பறவை அன்னம் என்பது கவிமரபு. அதாவது பொய்யை மெய்யோடு கலக்காத தூதர். நேரில் பார்த்திராத ஒருவனை, அது சொன்ன சொல்லை நம்பியே தமயந்தி மனத்தில் வரித்துக் கொள்கிறாள். ‘நளன் எங்கேம்மா?’ என்று குழந்தை கேட்டால் அதுதான் சரியான கேள்வி. நளன் படத்தில் இல்லை. அவள் முகத்தில்தான் இருக்கிறான்.

இதே உத்தியை ரவிவர்மா ஆறு ஆண்டுகளுக்கு முன்பே கையாண்டிருக்கிறார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போன அவருடைய பத்துப் படங்களில் ஒன்று ‘இதோ அப்பா வருகிறார்’. ஒரு தாய், கையில் குழந்தை. அவள் ஒரு பக்கமாகச் சுட்டிக் காட்டுகிறாள். அப்பா மட்டும் படத்தில் இல்லை.

நம் வீடுகளில் அப்பா வேலை முடிந்து வருவது தினப்படி சங்கதி. இதில் என்ன விசேஷம் என்று தோன்றும். ஆனால் அக்காலத் திருவிதாங்கூரில் மருமக்கத்தாயம் நிலவியது. பிள்ளைகள் தாய்வீட்டைச் சேர்ந்தவர்கள். சொத்து தாய்வழியே இறங்கும். நிர்வாகம் தாய்மாமன் கையில். அப்பா பெரும்பாலும் வந்து போகிறவர். ஆகவே, மாறிவரும் குடும்பத்தின் சின்னமாகச் சில ஆய்வாளர்கள் இப்படத்தைக் காண்கிறார்கள். மேல்நாட்டுப் பார்வையாளர் ரசிக்கும் தாய்-சேய்ப் படம், அவ்வளவே என்றும் வாதிடலாம். இரண்டுக்கும் படத்தில் இடமிருக்கிறது. பின்னாளில், 1975-இல், கேரளம் சட்டம் இயற்றி அந்தக் கூட்டுக்குடும்ப முறையை ஒழித்தது.

படத்திலுள்ள பெண் ரவிவர்மாவின் மகள் மகாபிரபா என்றறியும்போது உணர்ச்சி இன்னும் ஆழமாகிறது. கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா மணந்தது மாவேலிக்கரை அரச குடும்பத்தில். பிள்ளைகள் அந்த வீட்டுக்கு உரியவர்கள். அவரோ பம்பாய், பரோடா, மைசூர் என்று தூரிகையோடு அலைந்தவர். பேரனுக்குத் தந்தை எப்படியோ, அந்த மகளுக்கும் தந்தை படத்துக்கு வெளியேதான் நிற்கிறார், தூரிகையைப் பிடித்துக்கொண்டு! ஓவியர் இதை எண்ணியே வரைந்தார் என்று சொல்ல வரவில்லை. பார்க்கிற நமக்கு இது தோன்றாமல் இராது.

குறியீட்டு ஓவியத்தைப் படிக்கத் தனிப் பாண்டித்தியம் வேண்டாம். யார் இருக்கிறார்கள், எங்கே பார்க்கிறார்கள், யார் இல்லை என்று மூன்றே கேள்விகள் போதும். வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு மூன்றாவது கேள்வி எளிதில் புரியும். அடுத்த முறை பிள்ளைகளோடு போகும்போது அன்னத்தின் முன் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். அவர்களையே கேட்க விடுங்கள்.