கணிப்பொறிகளின் பொது மொழி

செட்டிநாட்டு வணிகர் எழுதிய உண்டியல் முன்னாளிற் கடல் கடந்த ஊர்களிலும் பணமாக மாறிற்று. எழுதும் முறை இருதிறத்தார்க்கும் பொதுவாயிருந்தமையே அதற்குக் காரணமாம். காரியாலயக் கணிப்பொறிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்வதும் இத்தகையதே.

ஒரு மேசையில் விண்டோஸ், மற்றொன்றில் லினக்ஸ், பிறிதொன்றில் மக்கின்டோஷ் என இயங்குதளங்கள் பலவாக இருக்கலாம். ஒவ்வொன்றும் தன் வட்டிற் கோப்புகளை வெவ்வேறு முறையில் அடுக்கும். ஆயினும், வலையமைப்பில் ஒன்று மற்றொன்றின் வட்டைத் தானே புரட்டிப் பார்ப்பதில்லை. "இக்கோப்பைத் திற, இப்பகுதியைக் கொடு, யான் எழுதி முடிக்குமளவும் பிறர் எழுதாவண்ணம் பூட்டு" என்று கேட்கிறது. இவ்வாறு கேட்கும் முறையே எஸ்.எம்.பி. எனப்படும் நெறி. ஐ.பி.எம். நிறுவனத்தில் தோன்றிய இதனை மைக்ரோசாப்ட் வளர்த்துப் பரப்பிற்று.

ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பார், கம்பியிற் செல்லும் செய்திகளை உற்றுநோக்கி இத்தகைய நெறியை உய்த்துணர்ந்தார். 1992-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் நிரலை வெளியிட்டார். அதுவே பின்னர்ச் 'சாம்பா' எனப் பெயர் பெற்றது. அதனை நிறுவிய லினக்ஸ் யந்திரம், விண்டோஸுக்கு மற்றொரு விண்டோஸ் போலவே தோன்றும். இதற்கு விலையுமில்லை. ஆதலின் சிறிய காரியாலயமும் பழைய யந்திரங்களைத் தள்ளாமல் ஒருங்கே பணியாற்றலாம்.

எனினும் கோப்பின் பெயரில் விழிப்பு வேண்டும். லினக்ஸ் ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் வேறாகக் கொள்ளும். விண்டோஸ் பெயரில் வினாக்குறியை ஏற்காது. தமிழிலோ நுட்பமானதோர் இடர் உண்டு. 'கோட்டையூர்' என்பதன் முதலெழுத்திலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும், ஏகாரக் கொம்பும் காலுமாகிய இரு குறிகளாகவும் யூனிகோடில் எழுதலாம். மக்கின்டோஷின் பழைய வட்டமைப்பு அதனைப் பிரித்தே வைத்தது. லினக்ஸ் வந்தவாறே வைக்கும். ஆதலின், கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் பெயருடன் இரு கோப்புகள் நிற்பதும், தேடுங்கால் ஒன்று அகப்படாமற் போவதும் நேரும். எழுத்தரோ கணக்குத் தொலைந்ததென்று கலங்குவர். 'கான்வ்எம்வி' என்னும் கருவியாற் பெயர்களை ஒருமுறைப்படுத்தின் இக்குறை நீங்கும்.

இன்னொன்று: எஸ்.எம்.பி.யின் முதற் பதிப்பை நிறுத்திவிடுதல் இன்றியமையாதது. 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணிப்பொறிகளை முடக்கிய 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் விண்டோஸில் அப்பதிப்பிலிருந்த குறையின் வழியே பரவிற்று.

யந்திரங்கள் ஒருபடித்தாயிருத்தல் வேண்டுவதில்லை; அவற்றிடையே நெறி ஒன்றாயிருப்பின் போதும். அந்நெறியில் நம் தமிழெழுத்தும் பிழையின்றிச் செல்கின்றதா என்று காண்பது நம் கடமையாகும்.