பணியிடத்தை நாடிவரும் மின்பொறியியற் கல்வி

மின்நிலையத்தில் உற்பத்தியாகும் மின்சாரம் உழவரின் கிணற்றை அடையுமுன் நெடுந்தூரம் கடந்து வருகின்றது. 400, 220, 132 கிலோவோல்ட் மின்தொடர்களில் அது செலுத்தப்படுகின்றது. பின்னர் 33, 11 கிலோவோல்ட் என இறக்கப்பட்டு, முடிவில் 400 வோல்ட் அளவில் பகிர்ந்தளிக்கப்படுகின்றது. இந்நெடுவழியில் நேரும் இழப்பைக் குறைப்பதும், அழுத்தம் தாழாமற் காப்பதுமே மின்செலுத்தல், மின்பகிர்மானப் பொறியியலின் நோக்கமாகும்.

இவ்வியலின் தேவையைச் சித்தூர், திருப்பதிச் சீமையில் எளிதிற் காணலாம். நிலக்கடலையும் மாவும் பயிராகும் இவ்வறண்ட பகுதி ஆழ்துளைக் கிணறுகளையே பெரிதும் நம்பியிருக்கின்றது. நீண்ட தாழ்வழுத்தக் கம்பியின் கடைசியில் உள்ள மோட்டாருக்கு 100 பங்கு அழுத்தத்தில் 80 பங்கே கிடைப்பதாகக் கொள்வோம். மோட்டாரின் முறுக்கு விசை அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், அது 64 பங்காகக் குன்றிவிடும். சுமையை இழுக்க மோட்டார் மிகுந்த மின்னோட்டத்தை ஏற்கும். சுருள் சூடேறிக் கருகும். காயில் கட்டும் செலவும், நீரின்றி வாடும் பயிரும் உழவரின் தலையில் விழும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. 11 கிலோவோல்ட் கம்பியைக் கிணற்றின் அருகிலேயே கொண்டு சென்று, அங்கே சிறிய டிரான்ஸ்பார்மரை நிறுவுவதே அம்முறை. ஆந்திரப் பிரதேசத்தில் இது கையாளப்பட்டுள்ளது. ஒரே அளவு மின்திறனை 400 வோல்ட்டுக்குப் பதிலாக 11,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 27.5 மடங்கு குறையும். கம்பி ஒன்றேயாயின் வெப்ப இழப்பு ஏறத்தாழ 756 மடங்கு குறையும். ஆயினும், டிரான்ஸ்பார்மரை எங்கு வைப்பது, கம்பியின் பருமன் யாது, கெப்பாசிட்டர் எவ்வளவு வேண்டும் என்பவற்றை ஊகத்தால் முடிவு செய்ய இயலாது. இவற்றைக் கணக்கிடுவதற்கு மேற்படிப்பின் அறிவு தேவை.

இப்பகுதியில் கல்வி நிலையங்களுக்குக் குறைவில்லை. திருப்பதியில் 1954-இல் ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகமும், 1959-இல் அதன் பொறியியற் கல்லூரியும், 2015-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் தோன்றின. 2000-ஆம் ஆண்டில் அமைந்த தென் மண்டல மின்பகிர்மான நிறுவனத்தின் தலைமையிடமும் அந்நகரமே. ஆயினும், குப்பத்திலோ பலமனேரிலோ பணிபுரியும் உதவிப் பொறியாளர் இரண்டாண்டு விடுப்புப் பெற்று வகுப்பில் அமர்வது எளிதன்று.

இக்குறையை இணையவழிக் கல்வி பெரிதும் நீக்குகின்றது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய விஞ்ஞானக் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம் 2014 முதல் சான்றிதழ்த் தேர்வுகளையும் நடத்திவருகின்றது. 2017-இல் மத்திய அரசு 'ஸ்வயம்' தளத்தைத் தொடங்கியது. மின்தொகுதி ஆய்வு, பகிர்மான வலை ஆய்வு முதலியன 8 அல்லது 12 வாரப் பாடங்களாக வழங்கப்பட்டுள்ளன. பாடங்களைக் கற்பதற்குக் கட்டணமில்லை. தேர்வுக்குக் கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்திற்கு நேரில் செல்லவேண்டும். அமெரிக்காவில் ஸ்போகேன் நகரின் கொன்சாகா பல்கலைக்கழகம் இத்துறைக்கெனவே இணையவழி முதுநிலைப் படிப்பு ஒன்றை வகுத்தது.

ஆசிரியர்கள் மாணவருக்கு ஓர் எச்சரிக்கையையும் கூறுதல் நன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிகள் பொறியியற் பட்டப்படிப்பை முழுதும் இணையவழியில் நடத்த இடமளிக்கவில்லை. தனிப்பாடச் சான்றிதழ் பட்டத்திற்கு ஈடாகாது. ஆகவே, சேருமுன் அங்கீகாரத்தை விசாரித்தறிதல் அவசியம்.

திரையில் கற்க இயலாதனவும் உள. லைன் கிளியர் பெறுதல், கம்பியில் மின்சாரம் இல்லை என்று சோதித்தல், வேலை நடக்குமிடத்தின் இருபுறமும் புவியிணைப்புச் செய்தல் ஆகியவை அனுபவமிக்கவரின் மேற்பார்வையில் கைப்பழக்கமாக வேண்டியவை. ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, நிறுத்தப்பட்ட கம்பியும் உயிர் பெறக்கூடும். இங்கே ஒரு மறதி ஓர் உயிரைக் கொள்ளும்.

ஆகவே, இணையப் பாடமும் பணியிடமும் ஒன்றையொன்று நிறைவு செய்யவேண்டும். பயிலும் பொறியாளர் தம் பொறுப்பிலுள்ள ஒரு பீடரையே ஆய்வுக்கூடமாகக் கொள்ளலாம். தொடக்கத்திலும் கடைசியிலும் உள்ள அழுத்தத்தை மணிவாரியாகக் குறித்து, பாடத்தில் கற்ற கணக்கோடு ஒப்பிடலாம். கணக்கும் அளவும் வேறுபடும் இடத்தில் தளர்ந்த இணைப்போ, மிகைச்சுமையோ, பதிவில் சேராத மின்பயனோ இருக்கலாம். அதனைக் கண்டு திருத்தும்போது, கற்ற கல்வியின் பயன் கம்பியின் கடைசியில் உள்ள கிணற்றையும் சென்றடையும்.