நாற்பது நிமிடமும் நான்கு தந்தியும்

முப்பது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பு, ஐந்து வயலின், நாற்பது நிமிடப் பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வயலினுக்குச் சுருதி கூட்ட மூன்று நிமிடம் என்றாலும் கால்மணி நேரம் அதிலேயே போய்விடும். மிச்ச நேரத்தைப் பங்கிட்டால், ஒரு பிள்ளை வில்லைக் கையில் பிடிக்க நான்கு நிமிடத்துக்குச் சற்று மேலே கிடைக்கும். அடுத்த முறை வயலினைத் தொட அடுத்த பாடவேளை வரவேண்டும். வீட்டில் வயலின் கிடையாது. எந்த அதிபருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். அதனால்தான் சங்கீத பாடம் என்றால் எல்லாரும் சேர்ந்து பாடுவது என்று முடிந்துவிடுகிறது. வயலினும் வீணையும் அலுமாரிக்குள் போய், பரிசளிப்பு விழாவுக்கு மட்டும் வெளியே வருகின்றன.

பாடசாலைகளில் தந்தி வாத்தியங்களை யாரும் தடை செய்வதில்லை. அவை இப்படித்தான், ஓசைப்படாமல், கணக்கில் தோற்றுப் போகின்றன. இலங்கையின் அரச பாடசாலைகளில் ஆறாம் தரத்திலிருந்து அழகியல் ஒரு பாடம். தமிழ்மொழிப் பாடசாலைகளில் சித்திரம், நடனம், நாடகம் ஆகியவற்றோடு கர்நாடக சங்கீதமும் அதில் ஒரு தெரிவு. 2025 ஜூலையில் கல்விச் சீர்திருத்த முன்மொழிவுகள் பேசப்பட்டபோது வரலாற்றுக்கும் அழகியலுக்கும் என்ன இடம் என்று நாடு முழுவதும் விவாதம் எழுந்தது. அந்த விவாதம் வேண்டியதுதான். ஆனால் பாடம் பெயரளவில் இருப்பது வேறு, பிள்ளையின் கையில் வாத்தியம் இருப்பது வேறு. இரண்டாவதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

அம்பாறைக் கரையில் இதைச் சொல்லும்போது ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதைத் தாண்டினால் வருகிற காரைதீவில் 1892இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். வழக்கொழிந்து போன யாழ் என்ற தந்தி வாத்தியத்தின் அமைப்பையும் சுருதிக் கணக்கையும் பழைய நூல்களிலிருந்து மீட்டெடுக்கப் பல ஆண்டுகள் உழைத்தவர். அந்த ஆராய்ச்சியின் முடிவான ‘யாழ் நூல்’ கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. நூலில் உள்ள கணக்கின்படி செய்த யாழ்களை அங்கே வாசித்தும் காட்டினார்கள். அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் காலமானார். தந்தியின் நீளத்துக்கும் நாதத்துக்கும் உள்ள உறவை இவ்வளவு நுணுகிப் பார்த்த ஒருவர் பிறந்த கரையில், பிள்ளைகள் தந்தியைத் தொடாமலே சங்கீத பாடத்தில் சித்தியடைந்துவிடலாம் என்பது கொஞ்சம் உறுத்தலான விசயம்.

அவர் பெயரில் 1982இல் மட்டக்களப்பில் தொடங்கிய இசை நடனக் கல்லூரி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக இயங்குகிறது. வயலினும் வீணையும் முறையாகப் படித்தவர்கள் அங்கிருந்து வெளிவருகிறார்கள். ஆக, சொல்லிக்கொடுக்க ஆளே இல்லாத ஊர் அல்ல இது. ஆனால் திருக்கோவிலை ஒட்டிய விநாயகபுரத்திலிருந்து கல்லடிக்கு எழுபது கிலோமீற்றருக்கும் கூடிய தூரம். அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை, களுவாஞ்சிக்குடி என்று பஸ்ஸில் போய்த் திரும்பினால் ஒரு நாள் போய்விடும். விநாயகபுரத்துப் பிள்ளைக்குப் பாடசாலையில் வயலின் கிடைக்காவிட்டால் வேறெங்கும் கிடைப்பது கடினம். நகரத்துப் பிள்ளைக்குத் தனியார் வகுப்பு இருக்கிறது. பாடசாலையில் தந்தி வாத்திய வகுப்பு நின்றுபோவதன் பாரம் முழுக்க விழுவது இப்படிப்பட்ட ஊர்களின் தலையில்தான்.

வகுப்பு நின்றுபோகும் தறுவாயில் ஊர் சேர்ந்து காப்பாற்றிய கதைகளில் பெயர்பெற்றது நியூயோர்க்கின் கிழக்கு ஹார்லத்தில் நடந்தது. ரொபேர்ட்டா குவாஸ்பாரி என்ற வயலின் ஆசிரியை, கணவர் பிரிந்து போனபின் இரண்டு ஆண்பிள்ளைகளோடு அந்த ஏழை வட்டாரத்துக்கு வந்தவர். தான் முன்பே வாங்கி வைத்திருந்த ஐம்பது சிறுவர் வயலின்களோடு 1980களின் தொடக்கத்தில் ஓர் அரச பாடசாலையில் வகுப்பைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது மூன்று பாடசாலைகளுக்குப் பரவியது. சேர விரும்பும் பிள்ளைகள் கூடிப்போனதால் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டிய நிலை வந்தது. பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள். வயலின் தங்களுக்கு உரிய வாத்தியமில்லை என்று நினைத்திருந்த வீடுகள் அவை.

1991இல் நகரக் கல்விச் சபைக்குப் பணமுடை. முதலில் வெட்டப்பட்டவற்றுள் இந்த வகுப்பும் ஒன்று. பெற்றோர் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகள் பத்து வருடம் வாசித்ததைத் தங்கள் காதால் கேட்டவர்கள் அவர்கள். அவர்களில் ஒரு தாய், குவார்னேரி நால்வர் குழுவின் வயலின் கலைஞர் ஆர்னல்ட் ஸ்டைன்ஹார்ட்டின் மனைவி. அந்த உறவு வழியாகச் செய்தி பெரிய கலைஞர்களை எட்டியது. நிதி திரட்டக் கச்சேரி ஒன்று ஏற்பாடானது. குறித்திருந்த மண்டபத்தில் தண்ணீர் புகுந்து இடம் இல்லாமல் போக, ஐசக் ஸ்டேர்ன் கார்னகி மண்டபத்தைப் பெற்றுக் கொடுத்தார். 1993 ஒக்டோபரில் ஹார்லம் பிள்ளைகள் ஸ்டேர்ன், இட்சாக் பேர்ள்மன் போன்றவர்களோடு ஒரே மேடையில் வாசித்தார்கள். (1960இல் இடித்துத் தள்ளப்பட இருந்த அந்த மண்டபத்தையே ஊரைத் திரட்டிக் காப்பாற்றியவர் இதே ஸ்டேர்ன்தான்.) இந்தக் கதை 1995இல் ஆவணப்படமாகவும், 1999இல் மெரில் ஸ்ட்ரீப் நடித்த திரைப்படமாகவும் வந்தது.

படம் பார்ப்பவர்களுக்குக் கச்சேரிதான் மனதில் நிற்கும். ஆனால் வகுப்பைத் தொடர வைத்தது அந்த ஓர் இரவு அல்ல. பெற்றோரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு நிதியத்தைப் பதிவு செய்து, வருடா வருடம் பணம் சேர்த்து, ஆசிரியர் சம்பளத்தையும் வாத்தியச் செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். இசைக்கலைஞர்கள் வந்து உதவியதுகூட, எடுத்துக்காட்ட ஒரு தசாப்த கால வகுப்பு ஏற்கெனவே இருந்ததால்தான்.

ரொறன்ரோவில் 2013இல் நடந்ததில் நட்சத்திரங்கள் யாரும் இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் பெருந்தொகையாகப் படிக்கும் ஸ்காபரோவும் அந்த நகரக் கல்விச் சபைக்குள் அடங்குகிறது. பாடசாலை பாடசாலையாகச் சென்று தந்தி வாத்தியமும் ஊதுவாத்தியமும் கற்பிக்கும் ஆசிரியர்களைக் குறைப்பதற்குச் சபை யோசித்தது. பெற்றோர் கூட்டங்களில் பேசினார்கள், கையெழுத்துச் சேர்த்தார்கள், பிள்ளைகளை வாத்தியங்களோடு சபை வாசலுக்குக் கூட்டிவந்தார்கள். பெரும் வெட்டு தவிர்க்கப்பட்டது. சினிமா எடுக்கும் அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. கிழக்குக் கரை ஊர்களுக்கு ஹார்லத்தை விட இந்த உதாரணம்தான் கிட்ட வருகிறது.

தோற்ற கதையும் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரில் 1897 அளவில் மேர்டொக் என்ற வாத்தியக் கம்பனி ஒரு பாடசாலையில் கூட்டு வயலின் வகுப்பைத் தொடங்கியது. வகுப்புக்குச் சில பென்சு, வயலினுக்கு வாராந்தத் தவணைப் பணம். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். உச்ச காலத்தில் நான்கு இலட்சம் பிள்ளைகள் வரை கற்றார்கள் என்று அந்த இயக்கத்தின் வரலாறு சொல்கிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒன்றாக இலண்டன் மேடைகளில் வாசித்தார்கள். 1910இல் அங்கே போய்ப் பார்த்த அல்பேர்ட் மிட்செல் என்ற ஆசிரியர்தான் பொஸ்ரன் நகரப் பாடசாலைகளுக்கு அந்த முறையைக் கொண்டுபோனார். ஆனால் முதலாம் உலகப் போருக்குப் பிறகு மெய்ட்ஸ்டன் இயக்கம் நிலைக்கவில்லை. கம்பனியின் வியாபாரத்தில் தொங்கிய வகுப்பு அது. பாடசாலைக்குள் அதற்கு வேர் இல்லை.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. வெனிசுவேலாவில் ஹொசே அந்தோனியோ அப்ரேயு 1975இல் தொடங்கிய சிறுவர் இசைக்குழு இயக்கத்தைப் பார்த்து, 2010 முதல் குருநாகல் மாவட்டத்திலும் போரால் நொறுங்கிப்போன முல்லைத்தீவு மாவட்டத்திலும் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ‘தி மியூசிக் புரொஜெக்ட்’ வாத்தியம் கற்பித்து வருகிறது. வயலினும் செல்லோவும் அதில் உண்டு. சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே மேடையில் ஒன்றாக வாசித்திருக்கிறார்கள். ஒரு பாஷை பேசும் பிள்ளைக்கு மற்றப் பாஷை தெரியாவிட்டாலும் தாளம் பிசகினால் இரண்டு பேருக்கும் தெரியும். வன்னியில் முடிந்தது அம்பாறைக் கரையில் முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை போன்ற முஸ்லிம் ஊர்களில் கேள்வி இன்னும் நுட்பமானது. தந்தி வாத்தியம் கூடுமா கூடாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. பல பெற்றோர் பிள்ளைக்குச் சித்திரத்தையே விரும்புகிறார்கள். அந்த விருப்பத்தை மதிக்காமல் எந்த வகுப்பும் ஊருக்குள் ஊன்றி நிற்காது. அதே வேளை றபானும் பொல்லடியும் இந்தக் கரையின் சொத்து. நாகூர் ஹனிபாவின் குரல் கேட்காத தெருவும் இங்கே குறைவு. வில்லால் வாசிக்கும் ஐரோப்பிய வாத்தியங்களின் முன்னோர் வரிசையில் அரபு நாட்டு ரபாப் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் அல் பாராபி தன் இசை நூலில் அந்த ரபாபை விளக்கியிருக்கிறார். பாடவேளைக்குள் எல்லாரையும் இழுப்பதை விட, பாடசாலை விட்டபின் பெற்றோர் சம்மதத்தோடு நடக்கும் வகுப்பு பல ஊர்களுக்குப் பொருந்தும். பிள்ளை சேருவதா இல்லையா என்பதை அந்தந்த வீட்டார் பார்த்துக்கொள்வார்கள்.

இனி, ஊர் எதைச் செய்ய வேண்டியிருக்கும்? பணம் என்றுதான் முதலில் எல்லாரும் சொல்வார்கள். அது உண்மை. மாணவர் வயலின்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன. 2022 நெருக்கடியில் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபது வரை ஏறியபின் எந்த வாத்தியமும் பழைய விலையில் இல்லை. அதோடு வயலின் சட்டை போல: எட்டு வயதுப் பிள்ளைக்கு அரை அளவு, வளர வளர முக்கால் அளவு, பிறகு முழு அளவு. ஒவ்வொரு குடும்பமும் மூன்று முறை வாங்குவது நடக்காத காரியம். பாடசாலை வாங்கி, பிள்ளைக்கு இரவல் கொடுத்து, வளர்ந்ததும் திருப்பி வாங்கி அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தால் ஒரு வயலின் பல வருடம் ஓடும். நூலகத்துப் புத்தகம் போல ஒரு பதிவேடு போதும். முக்கியமான விசயம், வாத்தியம் வீட்டுக்குப் போக வேண்டும். பாடவேளைக்கு நான்கு நிமிடம் என்ற அந்தக் கணக்கு உடைவது அங்கேதான்.

வாங்குவதை விடச் சிரமம் பராமரிப்பது. இது கடற்கரை. உப்புக் காற்றில் எஃகுத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். முதல் தந்திதான் அடிக்கடி அறும். ஈரத்தில் முறுக்காணி இறுகும், வெயிலில் வழுகும். வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்திருப்பதால் தகர மடுவத்து வெக்கையில் இளகி இடம் மாறும். அறுந்த ஒரு தந்தியை மாற்ற ஆளில்லாமல் வயலின் ஒரு தவணை முழுக்கப் பெட்டிக்குள் கிடப்பது நடக்கும். மேலதிகத் தந்திக் கட்டு, கொஞ்சம் ரோசின், காற்றுப் படாத அலுமாரி, தந்தி மாற்றக் கற்றுக்கொண்ட இரண்டு பழைய மாணவர்கள். இவற்றுக்கு அமைச்சின் அனுமதி தேவையில்லை. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் ஊர்க்காரர் கோயில் திருவிழாவுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கே போதும். தங்கள் பிள்ளைகள் வளர்ந்து கைவிட்ட சிறிய வயலின்களும் அவர்கள் வீடுகளில் இருக்கக்கூடும்.

பணத்தால் தீராதது ஆசிரியர் இடமாற்றம். வயலின் தெரிந்த ஆசிரியர் போய், பாட்டு மட்டும் தெரிந்த ஆசிரியர் வந்தால் வகுப்பு அன்றே முடிந்தது. இடமாற்றப் பட்டியலில் சங்கீத ஆசிரியர் என்று ஒரே பெயர்தான் இருக்கும். வாத்தியம் எது என்று அது சொல்லாது. வலயக் கல்வி அலுவலகத்துக்கு இதை எழுத்தில் சொல்ல ஒரு பாடசாலைக்கு உள்ள ஒழுங்கான வழி பாடசாலை அபிவிருத்திச் சங்கம். பெற்றோர் எல்லாரும் அதில் அங்கத்தவர், அதிபர்தான் தலைவர். மதில், மலசலகூடம், விளையாட்டுப் போட்டிச் செலவு என்று கூட்டம் நீளும். அந்த நிகழ்ச்சி நிரலில் வயலின் வகுப்பையும் சேர்க்கச் சொல்லி, கூட்டத்துக்கு முன்பே அதிபரிடம் கடிதம் கொடுக்கலாம். வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை வாத்தியம், எத்தனை தந்தி அறுந்து கிடக்கிறது என்ற விபரம் அந்தக் கடிதத்தில் இருந்தால் பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது அலுவலகத்துக்குச் சிரமமாகும்.