அன்பும் எல்லையும் – 9: மடத்துக்கு வெளியே ஒரு குடிசை

கப்பர்நகூமில் ஊரெல்லாம் தம்மைத் தேடிக்கொண்டிருந்த காலைப்பொழுதில் இயேசுநாதர் அங்கே திரும்பாமல் அயலூர்களுக்குப் புறப்பட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதை மறுபடி விரிப்பது அநாவசியம். இவ்வாரம் கலாத்தியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் பிரவேசிப்பதாக வாக்களித்திருந்தேன். ஆயினும் இத்தொடரில் என்னை ஓயாமல் இழுத்துச் செல்லும் அர்ச்சியசிஷ்ட பெர்னார்து இந்த வாரமும் விடவில்லை. அவருடைய சரித்திரத்தில் வரும் ஒரு குடிசையைப் பற்றிச் சொன்ன பிறகே மேலே செல்ல மனம் ஒப்புகிறது.

1115-ஆம் வருஷம் பிரான்சு தேசத்தில் கிளேர்வோ மடத்தை ஸ்தாபித்தபோது பெர்னார்துக்குப் பிராயம் 25. உபவாசத்தாலும் கண்விழிப்பாலும் தேகத்தை வதைத்துக்கொண்ட அந்த வாலிப மடாதிபதியின் ஜீரண சக்தி சில வருஷங்களுக்குள் அடியோடு கெட்டு, உண்டது வயிற்றில் தங்காத நிலை வந்துவிட்டது. அவருக்கு மடாதிபதிப் பட்டம் அளித்த ஷாலோன் நகரத்து மேற்றிராணியார் வில்லியம் (பாரிஸில் அபெலார்துக்கு ஆசிரியராயிருந்து, அந்த மாணாக்கரோடே தர்க்கத்தில் மோதிய பேரறிஞர் இவரே) புத்தி சொல்லிப் பார்த்தும் பயனில்லாமற்போகவே, கிளேர்வோ சேர்ந்திருந்த சிஸ்டெர்சிய துறவற சபையின் மடாதிபதிகள் கூடியிருந்த கூட்டத்துக்குச் சென்று, தம் அந்தஸ்தையும் பாராமல் தரையில் சாஷ்டாங்கமாக விழுந்து, ஒரே ஒரு வருஷத்துக்குப் பெர்னார்தைத் தம் சொல்லுக்குக் கீழ்ப்பட்டவராக ஒப்புவிக்கும்படி மன்றாடிப் பெற்றார்.

மடத்தின் மதிலுக்கு வெளியே, பாதையோரங்களில் குஷ்டரோகிகளுக்குக் கட்டிக்கொடுப்பார்களே, அத்தகைய சிறு குடிசை ஒன்று எழும்பியது. அன்னபானத்தில் மடத்து விதிகள் அவரைக் கட்டா. மடத்து நிர்வாகத்தைப் பற்றி அவர் விசாரப்படலாகாது. இதுவே மேற்றிராணியாரின் கட்டளை. அங்கே அவரைக் கண்டு வந்த சேன் தியெரி மடத்து வில்லியம் என்பவர் (இவர் வேறொருவர், பெர்னார்து உயிரோடிருக்கும்போதே அவர் சரித்திரத்தை எழுதத் தொடங்கியவர்), உள்ளே காலெடுத்து வைத்தபோது பலிபீடத்தை அணுகுவது போன்ற பயபக்தி தம்மை ஆட்கொண்டதாக எழுதியிருக்கிறார். வைத்தியம் பார்க்க அமர்த்தப்பட்டவனோ ஒன்றும் அறியாத நாட்டுப்புறத்தான். அவன் கொடுத்த ஆகாரம் பசித்த ஆரோக்கியவானும் தொடத் தயங்கக்கூடியது. அதையும் பெர்னார்து முகங்கோணாமல் உண்டார்.

பிறருக்காக உழைப்பவன் தன்னைக் காத்துக்கொள்ளத் துணிந்தால் அவனுடைய இரக்கத்தையே சந்தேகிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பெர்னார்துக்கு எல்லை வகுத்தவர் பெர்னார்து அல்லர். அவரை நேசித்த ஒருவர் தரையில் விழுந்து வகுத்தார் என்பதே என்னை உருக்குகிறது. வருஷம் முடிந்ததும் அந்த மகான் பழைய கடுந்தவத்துக்கே திரும்பினார். மடத்துச் சந்நியாசிகளோடு சங்கீதம் பாடும் இடத்தில், அடிக்கடி வாந்தியெடுக்க நேர்ந்தபடியால், அவருடைய ஆசனத்தருகே தரையில் ஒரு குழி தோண்ட வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்டவர்தான் ஏறக்குறைய முப்பது வருஷங்களுக்குப் பின்பு, தம்மிடம் கிளேர்வோவில் சந்நியாசியாயிருந்து 1145-இல் பாப்பரசரான மூன்றாம் எயுஜேனியுஸுக்கு, தியானத்தின் அவசியத்தைப் பற்றி ஐந்து பாகங்களாக ஒரு நூல் எழுதினார். விடிந்தது முதல் அந்திமட்டும் வழக்காளிகளின் கூச்சலில் அமிழ்ந்துபோகும் பாப்பரசரைப் பார்த்து, எல்லாருக்கும் சொந்தமாகிவிட்ட நீர் அந்த எல்லாரிலும் ஒருவராக உம்மையும் எண்ணலாகாதோ என்ற கருத்தில் அவர் வாதாடுகிறார். உன்னத சங்கீதத்தின்மேல் செய்த பிரசங்கம் ஒன்றிலோ, வந்த நீரை வந்தவாறே கடத்திவிட்டு வறண்டுபோகும் வாய்க்காலாயிராமல், முதலில் நிரம்பி, பிறகு தனக்குக் குறைவின்றி வழிந்து கொடுக்கும் நீர்த்தேக்கமாயிருக்கச் சொல்கிறார். ஏரி நிரம்பி மறுகால் பாய்வதைக் கண்ட நமக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டாம். எயுஜேனியுஸ் 1153 ஜூலையில் இறந்தார். பெர்னார்து ஆகஸ்டில் அவரைப் பின்தொடர்ந்தார்.

ஆகையால் வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு இராப்பகலாகப் பணிவிடை செய்யும் மருமகளும், நள்ளிரவிலும் கதவு தட்டப்படுகிற போதகரும், "இன்றைக்கு என்னால் இயலாது" என்று தாமாக வாய்திறப்பது அரிது. திறந்தாலும் அன்று முழுதும் குற்றவுணர்ச்சி அவர்களைத் தின்னும். அவர்கள் கேட்குமட்டும் காத்திராதேயுங்கள். மருமகளை வாரத்தில் ஒரு நாளாவது தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாத்தனாரோ மகனோ கட்டிலருகே உட்காரட்டும்; போதகருக்கு ஓய்வுநாள் இன்னதென்று சபைக் கமிட்டி தீர்மானம் எழுதி, அதை ஆலயக் கதவிலேயே ஒட்டட்டும். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதையும், அவனவன் தன் பாரத்தைச் சுமப்பதையும் அப்போஸ்தலன் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து வைத்தது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்து வையுங்கள்.