இஸ்லாமிக் பீரியடில் நம்ம பிள்ளைங்க எங்கே?

ஜெபல் அலிக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "இங்கே இஸ்லாமியப் பாடம் எல்லாப் பிள்ளைங்களுக்கும் கட்டாயமாமே?"

இல்லைங்க. அமீரகத்தில் அது முஸ்லிம் மாணவர்களுக்கு மட்டும்தான் கட்டாயம். இந்தியப் பாடத்திட்டமோ பிரிட்டிஷ் பாடத்திட்டமோ, தனியார் பள்ளியானாலும் 1 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்க வேண்டும். மற்ற மதத்துப் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அரபி மொழி 9ஆம் வகுப்பு வரை எல்லாருக்கும் உண்டு. 2017இல் வந்த நன்னெறிக் கல்வியும் மதம் பார்க்காமல் எல்லாருக்கும் பொதுவானது. துபாயில் தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் கே.எச்.டி.ஏ., பள்ளி ஆய்வின்போது இஸ்லாமியக் கல்வியையும் அரபியையும் தனித்தனியாக மதிப்பிடுகிறது. அதனால் பள்ளிகளும் இந்த விஷயத்தில் கறாராக இருக்கும்.

சட்டம் தெளிவுதான். ஆனா ஆறு வயசுப் பிள்ளைக்கு அது புரியுமா? "என் ஃப்ரெண்ட் மட்டும் ஏம்மா வேற கிளாஸுக்குப் போறா?" என்று என் மகள் கேட்டாள். "அவங்க வீட்டுச் சாமியைப் பத்தி அவ அங்கே படிக்கிறா. நம்ம வீட்டுச் சாமியைப் பத்தி நான் உனக்குச் சொல்றேன்" என்றேன். சொல்லிவிட்டால் போதுமா, செய்ய வேண்டுமே! ஜெபல் அலியில் 2012இல் குருத்வாரா வந்தது, 2022இல் பெரிய இந்துக் கோயில் வந்தது, தேவாலயங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. வெள்ளிக்கிழமை கூட்டிப்போய்க் கும்பிட வைத்தால் மட்டும் கதை தெரிந்துவிடாது. உட்கார்ந்து நாமதான் சொல்லணும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைக்காதீங்க. பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொந்த ஊர் கீழக்கரை. அரபி தாய்மொழியல்லாத பிள்ளைகளுக்கு இஸ்லாமியப் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. "சலாஹ்னா என் மகனுக்குத் தெரியுது. ஊர்ல இருந்து பாட்டி போன்ல 'தொழுதியா'ன்னு கேட்டா முழிக்கிறான்" என்கிறார் அந்த அக்கா. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று தலைமுறை தலைமுறையாக வீட்டில் புழங்கிய சொற்கள் அவனுக்குப் பாடத்தில் வருவதில்லை.

ஆக, எந்த மதமானாலும் நம்ம எல்லாருக்கும் மிச்சமிருக்கும் வேலை ஒன்றுதான். நம்பிக்கையைத் தமிழில் சொல்லித்தருவது வீட்டின் பொறுப்பு.

அட்மிஷன் சமயத்தில் பள்ளியில் இதைக் கேட்டுக்கோங்க: விண்ணப்பத்தில் மதம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா? விலக்கு பெற்ற பிள்ளைகளுக்கு அந்த பீரியடில் என்ன வேலை, கூட யார் இருப்பார்? இரண்டாம் மொழியாகத் தமிழ் உண்டா? பதில் திருப்தியாக இல்லையென்றால் வகுப்பு ஆசிரியரைப் பார்த்துப் பேசுங்க. சும்மா உட்காரும் பீரியடாக இருந்தால், ஒரு தமிழ்க் கதைப் புத்தகத்தைப் பையில் வைத்து அனுப்பலாமா என்று கேளுங்க.