கடற்கரை மணலிற் கடதாசிப்பூ

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய கடலோர ஊர்களிலே வீட்டு மதில்களுக்கு மேலாகச் சிவந்தும் ஊதா நிறங்கொண்டும் சரிந்து தொங்குவது கடதாசிப்பூ. போகன்வில்லா என்பதும் இதுவே. இதனை நட்டவர்களிற் பலர், "செடி நன்றாகத் தழைக்கிறது, பூவைத்தான் காணோம்" என்று குறைப்படுவதுண்டு. அக்குறைக்குப் பெரும்பாலும் காரணம் நீரை வாரி ஊற்றுவதே.

இதன் தாயகம் தென் அமெரிக்கா. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிய பிரெஞ்சுக் கடற்பயணத்தின்போது, 1767 இல் பிரேசில் நாட்டின் றியோ டி ஜெனீரோவிலே தாவரவியலறிஞர் கொமேர்சன் இதனைக் கண்டார். பயணத் தலைவரான போகன்வில்லின் பெயர் இதற்கு வழங்கலாயிற்று. கொமேர்சனுக்கு உதவியாளராக ஆணுடையிற் கப்பலேறியவர் ஜான் பாரே என்னும் பெண்மணி. உலகைச் சுற்றிவந்த முதற் பெண்ணாக அறியப்படுபவர் அவரே. செடிகளைச் சுமந்தவர் அவர். பெயரென்னவோ தலைவருக்குப் போயிற்று!

பூவென்று கருதப்படும் வண்ணப் பகுதிகள் உண்மையில் இலைகளே, பூவடியிலைகள் எனப்படும். மும்மூன்றாய் அமைந்த அவற்றின் நடுவே சிறு குழல்போல வெண்மையாய் நிற்பவையே பூக்கள். இவை புதுத் தளிர்களிலே தோன்றுவன. நிறைந்த வெயிலும், வேரிலே சிறிது வறட்சியும் பூப்பைத் தூண்டும். பகற்பொழுது குறுகுவதும் தூண்டுமெனினும், நிலநடுக்கோட்டை அண்டிய இலங்கையிலே பகலின் நீளம் அதிகம் மாறுவதில்லை. ஆகவே இக்கரையில் வறட்சியே செடிக்குப் பெரிய அடையாளம். கச்சான் காற்று வீசி ஏனைய செடிகள் வாடும் மாதங்களிலே கடதாசிப்பூ கொழுந்துவிட்டு எரிவதுபோல நிற்பது இதனாலேதான். கிணற்றடியில் நட்ட செடியோ எந்நாளும் ஈரமுண்டு இலையையே பெருக்கும்.

மாரிமழை தொடங்கும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்கள் நடுகைக்கு உகந்தவை. பென்சிற் பருமனான முற்றிய தடியை 6 முதல் 8 அங்குல நீளத்தில் வெட்டி, மணலும் மக்கிய மாட்டெருவும் கலந்த மண்ணில் ஊன்றலாம். வேர்கள் எளிதில் முறிவன. பெயர்த்து நடுகையில் மண்கட்டி உடையலாகாது. முதற் சில மாதங்கள் ஒழுங்காக நீர் வேண்டும். வேரூன்றிய பின்னர் இலை சற்றே துவளும்வரை காத்திருந்து ஊற்றினாற் போதும். யூரியாப் பசளை மிகுந்தால் இலைதான் மிகும். மழை ஓய்ந்ததும், பெப்ரவரியளவில், நீண்ட கிளைகளைக் கத்தரித்துவிட்டால் புதுத் தளிர்கள் கோடைக்கு ஆயத்தமாகும்.

2004 டிசெம்பர் 26 ஆந் திகதி கடல் இவ்வூர்களுக்குட் புகுந்தது. கரையோர மண்ணும் கிணறுகளும் உவர்ப்பேறின. வளவுகளை மீண்டும் பசுமையாக்க முனைவோருக்கு, உப்பை ஓரளவு தாங்குவதும், கோடையிலே குடிநீருக்குப் போட்டியாக வராததுமான செடி சிறிய உதவியன்று. வாசனை வேண்டுவோர் மல்லிகையை நாடலாம்; அதற்கு நாள்தோறும் வாளி நீர் சுமக்க வேண்டியிருக்கும். கடதாசிப்பூவுக்கு முள் உண்டு. ஆகையாற் பிள்ளைகள் ஓடித்திரியும் ஒழுங்கைப் பக்கம் சாயும் கிளைகளை அவ்வப்போது வெட்டிவிட வேண்டும்.